காரின் கூரையில் சைக்கிள்: ரேக்கைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையோ சைக்கிளில் மிதித்து ஏற வேண்டும் என்று விரும்பும் சென்னைவாசி, முதலில் அந்தச் சைக்கிளை மலையடிவாரம் வரை கொண்டு சேர்க்க வேண்டும். வேறொரு ஊரில் விடியற்காலையில் தொடங்கும் 200 கி.மீ. நெடும்பயணத்தில் கலந்துகொள்பவருக்கும் இதே தேவை இருக்கிறது. பின்சீட்டை மடித்து ஒரு சைக்கிளைக் காருக்குள்ளேயே வைத்துவிடலாம். இரண்டாவது சைக்கிளும் அதற்குரிய ஆளும் சேரும்போது உள்ளே இடம் இருக்காது. டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் ரேக் விலை குறைவானது என்றாலும், அது பெரும்பாலும் நம்பர் பிளேட்டையும் பின்விளக்குகளையும் மறைத்துவிடுகிறது. வழியில் டிக்கியைத் திறக்கவும் முடிவதில்லை. ஐரோப்பாவில் பரவலாக உள்ள, இழுவைக் கொக்கியில் பொருத்தும் ரேக் மிக வசதியானதுதான். ஆனால் இங்கே விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை அந்தக் கொக்கி இல்லாமலே வருகின்றன. எனவே நம்மில் பலருக்குக் கூரையே பொருத்தமான இடமாக அமைகிறது.

கூரை ரேக் வாங்க நினைப்பவர்கள் பொதுவாகக் கடையில் எந்த ரேக் நல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் காரின் கூரை. கூரை, அதன்மேல் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் ரெயில், ரெயில்களை இணைக்கும் கிராஸ் பார், கிராஸ் பாரில் பொருத்தப்படும் ரேக், ரேக்கில் நிற்கும் சைக்கிள் என்று சுமை ஒன்றின் வழியாக இன்னொன்றுக்கு இறங்குகிறது. இவற்றில் எது பலவீனமானதோ அதுவே மொத்த அமைப்பின் பலம். சந்தையிலேயே விலை உயர்ந்த ரேக்கை வாங்கினாலும், அது பிடித்துக்கொள்ளும் ரெயில் உறுதியற்றதாக இருந்தால் பயனில்லை.

கூரை எவ்வளவு தாங்கும்?

காரோடு வந்த கையேட்டை எடுத்து, கூரையில் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். பல கார்களுக்கு இது 50 கிலோ முதல் 100 கிலோ வரை இருக்கும்; சில சிறிய கார்களுக்கு இன்னும் குறைவு. கூரையில் எதையும் ஏற்றக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் கையேடுகளும் உண்டு, அந்தக் காருக்கு இந்த வழி இல்லை என்று ஏற்றுக்கொள்வதே சரி. குறிப்பிடப்பட்டுள்ள அளவு ஓடும் காருக்கு உரியது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் குழியில் இறங்கி ஏறும்போதும் கூரை தாங்கவேண்டிய விசையைக் கணக்கில் கொண்டே அதை நிர்ணயித்திருக்கிறார்கள்.

அந்த அளவுக்குள் சைக்கிளின் எடை மட்டுமின்றி, கிராஸ் பாரின் எடையும் ரேக்கின் எடையும் அடங்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரம்பு 50 கிலோ உள்ள காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கிராஸ் பார்கள் சேர்ந்து 5 கிலோ, ரேக் ஒவ்வொன்றும் 4 கிலோ, ஹைப்ரிட் அல்லது மலைச் சைக்கிள் ஒவ்வொன்றும் 15 கிலோ என்று வைத்தால், இரண்டு சைக்கிள்களோடு மொத்தம் 43 கிலோ வருகிறது. இது வரம்புக்குள் இருக்கிறது. மூன்றாவது ரேக்கையும் சைக்கிளையும் சேர்த்தால் 62 கிலோ ஆகிவிடும். கூரையில் அதற்கு இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றக்கூடாது. ரேக்குக்கும் தனி வரம்பு உண்டு. சைக்கிள் ஒன்றுக்கு 20 கிலோ என்பது பல ரேக்குகளின் எல்லை. 22 அல்லது 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிளை, பேட்டரியைக் கழற்றிய பிறகும் எடை பார்த்தே ஏற்ற வேண்டும். சைக்கிளை எடை போட வீட்டிலுள்ள எடை இயந்திரமே போதும்: சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தூக்காமல் ஒருமுறையும் ஏறி நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து ரெயிலைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் சிறிய எஸ்.யு.வி.களில் பலவற்றின் ரூஃப் ரெயில்கள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை. வெளியிலிருந்து பார்க்கும்போது உறுதியான ரெயிலுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. கையேடு என்ன சொல்கிறது என்பதையே நம்ப வேண்டும், தெளிவில்லாவிட்டால் சர்வீஸ் மையத்தில் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கிராஸ் பார்

கூரைக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும் ரெயில், கூரையோடு ஒட்டிய ரெயில், கூரையில் தயாரிப்பாளரே விட்டிருக்கும் பொருத்துமிடங்கள், எதுவுமே இல்லாத வெறும் கூரை என நான்கு வகை அமைப்புகள் இன்றைய கார்களில் உள்ளன. பழைய அம்பாசடர், மாருதி ஆம்னி போன்றவற்றில் கூரை ஓரமாக மழைநீர் ஓடும் விளிம்பு இருந்தது. எந்தக் கேரியரையும் அதில் கவ்வவைத்துவிடலாம். இன்றைய கார்களுக்கு அந்த எளிமை இல்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் கிராஸ் பாரின் கால்பகுதி வேறு. வெறும் கூரையுள்ள காருக்கு, கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைக் கவ்வும் கொக்கிகள் அந்தக் கார் மாடலின் வளைவுக்கு ஏற்றபடி தனியாக வரும். ஸ்வீடனின் தூலே, அமெரிக்காவின் யாகிமா போன்ற நிறுவனங்கள் எந்தக் காருக்கு எந்தக் கால்பகுதி பொருந்தும் என்ற பட்டியலை வைத்திருக்கின்றன. உங்கள் காரின் மாடலும் தயாரிப்பு ஆண்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கூரைத் தாங்கிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 11154, எந்தத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டது என்று சொல்ல முடியாத, பெயரற்ற கிராஸ் பார்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூரையில் துளையிட்டுப் பொருத்தித் தருகிறேன் என்றோ வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றோ சொல்லும் பட்டறைகளைத் தவிர்த்துவிடுங்கள். துளை விழுந்த இடத்தில் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். மேலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. தேவையானபோது மாட்டி, தேவை முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய கிராஸ் பாரே எல்லா வகையிலும் நல்லது.

கூரைக் கண்ணாடி திறக்கும் கார் என்றால், கிராஸ் பாரை மாட்டிய நிலையில் அது மேல்நோக்கி எழும்பும்போது பாரில் இடிக்கிறதா என்று மெதுவாகச் சோதிக்க வேண்டும். டிக்கிக் கதவையும் அதேபோல முழுமையாகத் திறந்து பார்க்க வேண்டும். ரேக் பின்னோக்கி நீண்டிருந்தால், சைக்கிளின் சக்கரத்தில் கதவின் மேல்விளிம்பு மோதும்.

எந்த வகை ரேக்?

சைக்கிளை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை வைத்து ரேக்குகளைப் பிரிக்கலாம். மிகப் பரவலானது, இரண்டு சக்கரங்களையும் ஒரு நீண்ட தட்டில் நிறுத்தி, ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடலை நோக்கிச் சரியும் கீழ்ச்சாய்வுக் குழாயை ஒரு கையால் கவ்விப் பிடிக்கும் வகை. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஏற்றி இறக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். இரும்பு அல்லது அலுமினியச் சட்டமுள்ள சைக்கிளுக்கு இதுவே என் முதல் தேர்வு. ஆனால் கார்பன் ஃபைபர் சட்டத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கார்பன் குழாய்கள் ஓட்டும்போது வரும் விசைகளைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பக்கவாட்டில் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தத்துக்கு அவற்றின் மெல்லிய சுவர்கள் ஏற்றவை அல்ல. உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகாதபடி திருகு வழுக்கிவிடும் அமைப்பும் கார்பனுக்கான தனி உறையும் சில ரேக்குகளில் உண்டு. அப்படியிருந்தும், சைக்கிள் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று அவருடைய கையேட்டில் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். குறுக்குக் குழாய் தாழ்ந்த பெண்கள் சைக்கிள், குழந்தைகள் சைக்கிள், தண்ணீர்ப் புட்டி வைக்கும் கூடு கீழே இறங்கியுள்ள சட்டம் ஆகியவற்றிலும் இந்தக் கைக்குப் பிடிக்க இடம் கிடைக்காமல் போகும்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் முனைகளை ரேக்கில் பூட்டும் வகை, பந்தயச் சைக்கிள் வைத்திருப்பவர்களின் விருப்பம். சட்டத்தை எதுவும் தொடுவதில்லை. சைக்கிள் சற்றுத் தாழ்வாகவும் ஆடாமலும் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஆக்ஸிலின், அதாவது சக்கர அச்சின் அளவு. சிறு நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் பழைய குயிக் ரிலீஸ் ஃபோர்க்குகள் 9 மி.மீ. ஆக்ஸிலும் 100 மி.மீ. அகலமும் கொண்டவை. டிஸ்க் பிரேக் உள்ள புதிய ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் ஃபோர்க்கை ஊடுருவித் திருகப்படும் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலும், மலைச் சைக்கிள்களில் 15 மி.மீ. ஆக்ஸிலும், அவற்றிலேயே பூஸ்ட் எனப்படும் வகையில் 110 மி.மீ. அகலமும் வருகின்றன. உங்கள் அளவுக்கு உரிய அடாப்டர் ரேக்கோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்றியதும், பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட வேண்டும். டிஸ்க் இல்லாத நிலையில் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றுவிடும். மலையடிவாரத்தில் சக்கரத்தை மாட்டவே முடியாது. கழற்றிய சக்கரத்தை வைக்கக் காருக்குள் இடமும் வேண்டும்.

முன்சக்கரத்தின் மேல் ஒரு கொக்கிக் கையைக் கொண்டுவந்து, சக்கரங்களை மட்டுமே பிடித்துக்கொள்ளும் மூன்றாவது வகை விலை கூடுதல் என்றாலும், கார்பன் சட்டத்துக்கும் வழக்கத்துக்கு மாறான வடிவமுள்ள சட்டத்துக்கும் ஏற்றது. வெவ்வேறு வகைச் சைக்கிள்கள் உள்ள வீட்டுக்கு இதையே வாங்கச் சொல்வேன். முழு மட்கார்டு உள்ள சைக்கிளில் மட்டும் அந்தக் கை மட்கார்டை நசுக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையில் வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு கிண்ண வகையும் கிடைக்கிறது. கிராஸ் பார் தேவையில்லை என்றாலும், நம் சாலைகளின் தூசியில் கூரையை ஒவ்வொரு முறையும் துடைத்துச் சுத்தமாக வைத்து, வழியெல்லாம் நின்று நின்று கிண்ணத்துக்குள் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால், நீண்ட பயணத்துக்கு நான் அதை நாட மாட்டேன்.

சாமான் ஏற்றும் சாதாரண இரும்புக் கேரியரில் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. குறுகிய தூரத்துக்கு ஊர் வழியில் இது ஓரளவு செல்லும். சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம் (டீரேலர்) மேற்பக்கம் இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கீழே சிக்கினால் அதைத் தாங்கும் சிறு கொக்கி வளைந்து, கியர் சரியாக விழாமல் போகும். நெடுஞ்சாலை வேகத்துக்குக் கயிற்றை நம்ப வேண்டாம்.

பொருத்துவதும் ஏற்றுவதும்

கிராஸ் பாரின் கால்கள் அமரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகே அவற்றை வையுங்கள். அடியில் மாட்டிய மணல் துகள் சில நூறு கிலோமீட்டர் அதிர்வில் பெயின்ட்டை உரித்துவிடும். இரண்டு பார்களுக்கும் இடையிலான தூரத்தை ரேக்கின் கையேடு சொல்லும். அந்தத் தூரத்தை டேப்பால் இரு பக்கமும் அளந்து, பார்கள் இணையாக இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். போல்ட்டுகளை ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் கையேடு குறிப்பிடும். அந்த அளவைக் காட்டும் சாவி சில நிறுவனங்களின் பெட்டியிலேயே வருகிறது. சரியான இடம் கிடைத்ததும் ரெயிலின் மேல் சிறிய ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த முறை அளக்க வேண்டியதில்லை.

ஏற்றுவதற்கு முன் சைக்கிளிலிருந்து தண்ணீர்ப் புட்டி, காற்றடிக்கும் பம்பு, சீட்டின் கீழுள்ள பை, விளக்கு, கணினி, குழந்தை இருக்கை என்று கழறக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஓடும் காரிலிருந்து விழும் ஒரு புட்டி, பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தில் போய் மோதலாம். சைக்கிளை மழை உறையால் மூடி ஓட்டுவதும் கூடாது. உறை பாய்மரமாகிக் காற்றைப் பிடித்து, ரேக்கின் மேல் தாங்க முடியாத இழுவையை உண்டாக்கும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ரேக்கின் கையையும் பட்டைகளையும் முன்கூட்டியே திறந்து வையுங்கள். ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால் காரின் இடப்பக்கத்தில் ஏற்றுவதே மேல். சாலையோரத்தில் நின்று ஏற்றி இறக்கும்போது லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. சைக்கிளின் முன்பக்கம் காரின் முன்பக்கத்தை நோக்கி இருக்கும்போது, இடப்பக்கம் நிற்பவருக்கு எதிரே சங்கிலி இல்லாத பக்கம் வரும். சட்டையில் கறை படாது. வலப்பக்கத்தில் இரண்டாவது சைக்கிளை எதிர்த்திசையில் நிறுத்த ரேக்கின் கையேடு அனுமதித்தால் அப்படியே செய்யுங்கள். ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று மோதாது. அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கும் சங்கிலி மறுபுறம் அமையும். தூக்கும்போது ஒரு கை ஃபோர்க்கின் அருகிலும் இன்னொரு கை சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலும் இருக்கட்டும். உயரமான காருக்கு உறுதியான முக்காலி ஒன்றை டிக்கியில் வைத்திருப்பது நல்லது. கதவு நிலையில் ஏறி நின்று, ஒரு காலில் சமாளித்தபடி 15 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது இடுப்புக்கும் கார்க் கண்ணாடிக்கும் ஆபத்து. இருவர் சேர்ந்து தூக்கினால் இந்தக் கவலை இல்லை.

சக்கரங்கள் தட்டில் அமர்ந்ததும் முதலில் சட்டத்தையோ ஃபோர்க்கையோ பூட்டி, பிறகு இரு சக்கரங்களின் பட்டைகளையும் இறுக்குங்கள். பட்டையின் தொங்கும் நுனியைச் செருகிவிடாவிட்டால் அது வழி முழுதும் கூரையில் அடித்துக்கொண்டே வரும். பெடல் கூரையிலோ பக்கத்துச் சைக்கிளிலோ உரசாதபடி திருப்பிவைத்துவிட்டு, கடைசியாகச் சைக்கிளின் சட்டத்தைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். காரே தன் ஸ்பிரிங்குகளின் மேல் ஆட வேண்டும். சைக்கிள் தனியாக ஆடினால் எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது.

சாலையில்

கூரை ரேக்கினால் நேரும் சேதங்களில் மிகவும் வருந்தத்தக்கது, சைக்கிள் மேலே இருப்பதை மறந்து தாழ்வான கூரைக்குள் காரைச் செலுத்திவிடுவது. சைக்கிள் உடைவதோடு ரேக் பிய்ந்து, காரின் கூரையும் நசுங்கிவிடும். 1.5 மீட்டர் உயரமுள்ள ஹேட்ச்பேக்கின் மேல் ரேக்கும் சைக்கிளும் சேர்ந்தால் மொத்த உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர் ஆகிறது, எஸ்.யு.வி. என்றால் இன்னும் கூடுதல். வணிக வளாகங்களின் அடித்தள பார்க்கிங் வாயிலில் 2.1 மீட்டர், 2.2 மீட்டர் என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும் தடுப்புக் கம்பியை நினைத்துப் பாருங்கள். சைக்கிளை ஏற்றிய நிலையில் தரையிலிருந்து அதன் உச்சி வரை அளந்து, அந்த எண்ணையும் மேலே சைக்கிள் இருக்கிறது என்பதையும் அட்டையில் எழுதி, ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஏற்றும்போது ஒட்டுவதும் இறக்கிய பிறகே எடுப்பதும் வழக்கமாகிவிட வேண்டும். பயணம் முடிந்து களைப்போடு வீட்டு அடித்தளத்துக்குள் திரும்பும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் இது மிகவும் தேவைப்படும்.

அடித்தள பார்க்கிங் மட்டுமே இடர் அன்று. ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் உள்ள உயரத் தடுப்பு, ஹோட்டல் போர்டிகோ, பெட்ரோல் பங்கின் ஓரக் கூரை, திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் தெருவை மறித்துப் போட்ட பந்தல், கிராமத் தெருக்களில் தாழ்ந்து தொங்கும் கேபிள் ஒயர், சாலைக்குள் வளைந்து நிற்கும் புளியமரக் கிளை என்று பலவற்றைக் கவனிக்க வேண்டும். இடப்பக்கம் சைக்கிள் இருக்கும்போது மரங்கள் அடர்ந்த பழைய சாலைகளில் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஓட்டுவது அவசியம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, 80 கி.மீ. வேகத்தில் சைக்கிளின் மேல் விழும் விசையைவிட 100 கி.மீ. வேகத்தில் விழுவது ஒன்றரை மடங்குக்கும் மேல். எரிபொருள் செலவும் இரைச்சலும் அதற்கேற்ப ஏறும். ரேக் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்ச வேகம் எதுவானாலும், நம் நெடுஞ்சாலைகளில் திடீரென்று வரும் ஸ்பீடு பிரேக்கரையும் குறுக்கே வரும் வண்டியையும் எண்ணி, 80 கி.மீ.க்குள் ஓட்டுவதே என் பரிந்துரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் புகுந்து வரும்போது, காற்றாலைகள் சுழலும் அந்தப் பகுதிகளில் கார் பக்கவாட்டில் தள்ளப்படுவதை நன்றாக உணரலாம். மேலே இரண்டு சைக்கிள்கள் இருந்தால் இன்னும் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்து ஓட்ட வேண்டும். கூரையில் எடை ஏறியதால் காரின் ஈர்ப்பு மையம் உயர்ந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் அது வெளிப்புறம் சாய்வதும் கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திரும்புங்கள்.

புறப்பட்டு சில கிலோமீட்டரிலேயே ஒருமுறை நிறுத்தி எல்லாப் பிடிகளையும் சரிபாருங்கள். புதிதாக இறுக்கிய பட்டைகள் முதல் அதிர்வில் சற்றுத் தளர்வது இயல்பு. அதன்பின் தேநீருக்கு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ரேக்கின் பூட்டு, சாப்பிட உட்காரும் அரை மணி நேரத்துக்கானது. இரவு தங்கும் இடத்தில் சைக்கிளை இறக்கி அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

பயணம் முடிந்த பின்

ரேக்கையும் கிராஸ் பாரையும் மாட்டியபடியே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு நாளும் வீணாக எரிபொருளைச் செலவழிக்கிறார்கள். வெயிலும் பட்டைகளின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, நிழலில் வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று போல்ட்டுகளையும் பூட்டுகளையும் விரைவில் இறுகவைத்துவிடும் என்பதால், போல்ட் மரைகளில் சிறிது கிரீஸும் பூட்டுத் துவாரத்தில் கிராஃபைட் பொடியும் இட வேண்டும். அடுத்த பயணத்துக்கு எடுக்கும்போது பட்டைகளை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ வெளுப்போ தெரிந்தால் அந்தப் பட்டையை மட்டும் உதிரிப் பாகமாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், முழு ரேக்கையும் மாற்ற வேண்டியதில்லை.